எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு எதை, எப்போது, எப்படிச் சொல்வது? ஒரு செவிலியரின் பதில்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணி வந்தால் அவருக்கு என்னவெல்லாம் சொல்லித் தர வேண்டும்? கூட வேலை பார்ப்பவர்களே ஒதுக்கிப் பேசுகிறார்கள், அதை எப்படி மாற்றுவது? போஸ்டர் ஒட்டி விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் போதுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். போதாது. போஸ்டரால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஒட்டுங்கள். ஆனால் பிரசவ வார்டிலும் பிறகு செவிலியர் பயிற்சிப் பள்ளியிலும் வேலை பார்த்ததில் நான் கண்டது இது: ஆஸ்பத்திரியில் இந்தப் பெண்களை யாரும் வாய்விட்டுத் திட்டுவது அபூர்வம். கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு எழுத்து. கழிவறைக்குப் பக்கத்தில் மூலைக் கட்டில். "அவங்களைக் கடைசியா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் வரிசை. ரத்த அழுத்தம் பார்க்கக்கூட இரண்டு ஜோடி கிளவுஸ். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு எதுவும் படிக்கத் தெரியாவிட்டாலும் இதெல்லாம் புரிந்துவிடும். மறுநாள் விசிட்டர் நேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இந்த ஏற்பாடுகளைச் செய்வது நாம்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். கட்டில், வரிசை, சீட்டு, சத்தம் எல்லாம் செவிலியர் கையில்தான் இருக்கின்றன. அதனால் மனசை மாற்றும் பிரசங்கத்தைவிட வேலை செய்யும் முறையை மாற்றுவதுதான் சீக்கிரம் பலன் தரும் என்பது என் கட்சி.

முதலில் பரிசோதனை. கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும்போதே எச்.ஐ.வி., சிஃபிலிஸ் (இதுவும் உடலுறவால் பரவும் நோய்) இரண்டுக்கும் ரத்தம் பார்க்கிறோம். எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் அதற்காக மற்ற கவனிப்பை நிறுத்தக் கூடாது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அந்தச் சோதனை வடிகட்டல் மட்டும்தான். அதில் எச்.ஐ.வி.க்கான கோடு விழுந்தால் நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் அரசு மையம்) அனுப்ப வேண்டும். அங்கே வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளும் ஒன்றுபோலக் காட்டினால்தான் பாசிட்டிவ். அதுவரை "உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கு" என்ற வார்த்தை நம் வாயில் வரக் கூடாது. "இந்த டெஸ்டை வேற முறையில இன்னொரு தடவை பார்த்து உறுதி பண்ணணும்மா, எங்க போகணும்னு நானே சொல்றேன்" என்பது போதும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. "நம்பிக்கை மையம் போங்க" என்று வராந்தாவில் குரல் கொடுத்தால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லாக் கர்ப்பிணிகளும் முதல் விசிட்டில் அந்த அறைக்கு ஒருமுறை போய்வருவதை வழக்கமாக்கிவிடுங்கள். எல்லோரும் போகும் அறையில் யாரும் தனியாகத் தெரியமாட்டார்கள்.

முடிவைச் சொல்வது அங்குள்ள ஆற்றுப்படுத்துநரின் (கவுன்சிலரின்) வேலை. ஆனால் கேட்டு முடித்து, முகம் வெளிறி, அந்தப் பெண் திரும்பி வந்து உட்காருவது உங்கள் முன்னால்தான். அன்றைக்கு அவர் காதில் எதுவும் ஏறாது. கூட்டு மருந்து (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துகள் சேர்ந்தது), வைரஸ் அளவு, தாய்ப்பால், ஆணுறை என்று பாடத்தைக் கொட்டாதீர்கள். மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட்டால் மற்றவர்களைப் போல நெடுநாள் வாழலாம். குழந்தைக்கு வராமல் தடுக்க முடியும். உங்களுக்குத் தெரியாமல் இதை நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம். அப்புறம் பேசாமல் கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். அடுத்த தேதியை ஒரு வாரத்துக்குள் கொடுங்கள், ஏனென்றால் மருந்தை உடனே தொடங்க வேண்டும், முடிந்தால் அதே நாளில்.

போன் நம்பர் வாங்கும்போது கவனம். பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் கணவருடைய நம்பர் அல்லது மாமனார் வீட்டு நம்பர். "எந்த நேரத்துல கூப்பிட்டா நீங்களே எடுப்பீங்க? வேற யாராவது எடுத்தா நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். "சத்து மாத்திரை வாங்க வரச் சொன்னோம்" என்பது மாதிரி ஒரு வாசகத்தை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்ட செவிலியரை அந்தப் பெண் நம்ப ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில்தான் கணக்குச் சொல்ல வேண்டும். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூன்று காலத்தையும் சேர்த்து, 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகலாம். தாய் சீக்கிரமே மாத்திரை தொடங்கி, பிரசவ நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் அது 100-க்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும். இது வெறும் ஆறுதல் பேச்சு கிடையாது. இலங்கையில் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரவுவது ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சான்றிதழ் கொடுத்தது. அங்கே வீடு வீடாகப் போகும் குடும்ப நல உத்தியோகத்தர்களின் உழைப்பு அதில் பெரிய பங்கு. கியூபா 2015-லேயே, தாய்லாந்து 2016-ல் அந்த நிலையை எட்டிவிட்டன.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒரு குடும்பத்தில் முதலில் எச்.ஐ.வி. சோதனை செய்யப்படுவது யாருக்கு? கர்ப்பமான மருமகளுக்கு. கணவரை யாரும் அதுவரை சோதித்ததே இல்லை. முதலில் தெரிந்தது இவருக்கு என்பதால் "முதலில் வந்தது" இவருக்கு என்று ஆகிவிடுகிறது. கல்யாணமான பெண்களில் பெரும்பாலோருக்குத் தொற்று கணவரிடமிருந்துதான் வந்திருக்கும். ஆனாலும் "எங்கிருந்து கொண்டுவந்தே?" என்ற கேள்வி அவரை நோக்கித்தான் வரும். 2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக, ஒரு கற்பனை ஆளை வைத்து, "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெங்கும் சுவரில் எழுதியிருந்ததை வயதில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்களைப் பேசவைத்த விளம்பரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எச்.ஐ.வி. என்றாலே நடத்தை சரியில்லாதவர் என்ற முடிச்சு அந்தக் காலத்தில் இறுகியதுதான், இன்னும் அவிழவில்லை.

இதற்குச் செவிலியர் செய்யக்கூடிய உருப்படியான காரியம், கணவரையும் முதல் விசிட்டிலேயே சோதனைக்குக் கூப்பிடுவதை எல்லாத் தம்பதிகளுக்கும் பொதுவாக்குவது. "அப்பா ஆகப்போறவருக்கும் ரத்தம் பார்க்கிறது இங்க வழக்கம்" என்று சொன்னால் பலர் முணுமுணுத்துக்கொண்டாவது கை நீட்டுவார்கள். இருவருக்கும் ஒரே நாளில் முடிவு தெரிந்தால் பழி ஒரு தலையில் விழாது. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவதும் உண்டு. அதற்கும் தயாராக இருங்கள், அங்கே ஆற்றுப்படுத்துநர் இல்லாமல் நீங்கள் தனியாக இறங்க வேண்டாம்.

கணவருக்கு யார் சொல்வது? இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. துணைவருக்குத் தெரிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மட்டும்தான், அதுவும் நிபந்தனைகளோடு. முதலில் அவரே சொல்லும்படி பேசிப் பார்க்க வேண்டும், அவர் சொல்லப்போவதில்லை என்று உறுதியாக வேண்டும், சொல்லப்போகிறோம் என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஒரு பெண்ணின் கணவருக்குச் சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டு விரட்டுவார்கள் என்று பயப்பட நியாயம் இருந்தால் மருத்துவரும்கூடச் சொல்லக் கூடாது. ஸ்டாஃப் நர்ஸுக்கு எந்த நிலையிலும் அந்த உரிமை இல்லை. மாமியார், அம்மா, கூட வந்த நாத்தனார், ஆட்டோக்காரர் பற்றிப் பேச்சே இல்லை. "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்பது இங்கே செல்லாது.

சரி, மாத்திரைக்கு வருவோம். செவிலியரின் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான், ஆனால் பல இடங்களில் அரை நிமிடத்தில் முடிக்கிறார்கள். இப்போது கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. இதில் டொலுடெக்ராவிருக்கு ஒரு குணம் உண்டு. இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல் இவற்றோடு வெறும் வயிற்றில் சேர்ந்தால் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. கர்ப்பிணிக்கு நாம் தினமும் கொடுப்பது என்ன? இரும்பும் கால்சியமும்தான்! மருந்தை ஒருநாள்கூட விடாமல் போட்டும் வைரஸ் குறையாத பெண் வந்தால், "ஒழுங்கா போடலையா?" என்று அதட்டுவதற்கு முன்னால் எந்த மாத்திரையை எதோடு போடுகிறார் என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் என்றால், இரும்பு, கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்பாகவோ 6 மணி நேரம் கழித்தோ கூட்டு மருந்தைப் போட வேண்டும். இல்லையென்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றாகவே போடலாம். ஜெல்லுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, இடைவெளி விட்டே ஆகவேண்டும். நான் சொல்லித் தந்தது எளிது: இரும்பு மத்தியானம் சாப்பிட்டபின், கூட்டு மருந்து இரவுச் சாப்பாட்டோடு. இரவில் கால்சியமும் இருந்தால் அதே சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுவிடலாம். எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் கையிலிருக்கும் மாத்திரைகளை மேஜைமேல் கொட்டி, வேளைவேளையாகப் பிரித்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாம் பேசுவதைவிட அவர் செய்து காட்டுவதில்தான் புரிந்ததா இல்லையா என்று தெரியும்.

டொலுடெக்ராவிர் குழந்தையின் முதுகுத்தண்டைப் பாதிக்கும் என்று யாராவது பழைய செய்தியைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். 2018-ல் போட்ஸ்வானாவில் நடந்த ஒரு ஆய்வின் ஆரம்பக் கணக்கில் அப்படி ஒரு சந்தேகம் எழுந்தது உண்மை. அதே ஆய்வு தொடர்ந்து, ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்தபின் அந்தச் சந்தேகம் தேய்ந்துபோனது. 2019-லிருந்தே கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் இதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

மாத்திரையைச் சாப்பிடுவதைவிட அதை வைக்க இடம் தேடுவது பல பெண்களுக்குப் பெரும்பாடு. டப்பாவில் 30 மாத்திரை, எடுத்தால் கலகலவென்று சத்தம். லேபிளில் பெயர் அச்சாகியிருக்கும். கூட்டுக் குடும்பத்தில், ஒரே பீரோவில், எங்கே ஒளிப்பது? லேபிளைச் சுரண்டிவிட்டு, டப்பாவுக்குள் பஞ்சு அடைத்துச் சத்தத்தை அடக்கி, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் பழைய சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றிக்கொள்வார்கள். அது சரிதான், ஆனால் மருந்தின் டப்பாவில் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. "எங்க வைப்பீங்க?" என்று கேட்காமல் மாத்திரை கொடுத்தனுப்புவது பாதி வேலைதான்.

அப்புறம் வளைகாப்பு. இதை எந்தப் பயிற்சிக் கையேடும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நம் ஊரில் இருந்தவரை ஒழுங்காக மருந்து வாங்கிய பெண் திடீரென்று வேறு மாவட்டத்துக்குப் போகிறார். அங்கே அம்மாவுக்கு விஷயம் தெரியாது. மருந்து தீர்ந்ததும் வாங்கப் போவதற்குக் காரணம் சொல்ல முடியாது. நிறுத்திவிடுகிறார். சரியாகப் பிரசவத்துக்கு முன்னால், வைரஸ் மறுபடி ஏறுவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஆகவே ஐந்தாம் மாதத்திலேயே கேளுங்கள்: "வளைகாப்பு எப்போ? எந்த ஊருக்குப் போறீங்க? எத்தனை மாசம் இருப்பீங்க?" தேதி தெரிந்தால் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் பேசி, கூடுதலாக மாத்திரை வாங்கவோ அங்கே பக்கத்திலுள்ள மையத்துக்கு மாற்றவோ ஏற்பாடு செய்யலாம். பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்று முடிவாகிவிட்டால், அங்குள்ள ஆற்றுப்படுத்துநருக்கு முன்கூட்டியே சொல்லி, குழந்தைக்கான மருந்தும் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். இதற்கும் அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும்.

32 முதல் 36 வாரத்துக்குள் வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். வந்த முடிவைப் பொறுத்துத்தான் குழந்தைக்கு ஒரு மருந்தா இரண்டு மருந்தா, எத்தனை வாரம் என்பதெல்லாம் முடிவாகும். பிரசவத்தைப் பொறுத்தவரை எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் செய்வது நம் நாட்டு வழிகாட்டுதலில் இல்லை. மற்றவர்களுக்கு எந்தக் காரணத்துக்காகச் செய்கிறோமோ அதே காரணத்துக்குத்தான். பனிக்குடத்தைத் தேவையில்லாமல் உடைக்காமல் இருப்பது, ஆயுதம் போட்டு இழுப்பதையும் பிறப்புறுப்பைக் கீறுவதையும் அவசியமானால் மட்டும் செய்வது, இவ்வளவுதான் வித்தியாசம்.

இனி கூட வேலை பார்ப்பவர்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தான் படித்த வருஷத்தில் நின்றுபோயிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவியும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதையடுத்த ஆண்டுகளில் பயிற்சி எடுத்தவர்கள் மருந்தே இல்லாமல் நோயாளிகள் சாவதைப் பார்த்தவர்கள். இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் வந்தது, தாம்பரம் சானடோரியம் அதன் முதல் மையங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் கர்ப்பிணிக்குக் கிடைத்தது பிரசவ வலியின்போது நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்தில் ஒரே ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு அதே மருந்து ஒரே ஒரு வேளை. தொற்றை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது, அவ்வளவுதான். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் முழுதும் கூட்டு மருந்து என்பது 2014-ல் வந்த மாற்றம். ஆகவே "பால் கொடுக்கவே கூடாது" என்று சொல்லும் மூத்த சிஸ்டர் பொய் சொல்லவில்லை. அவர் 2003-லிருந்து பேசுகிறார். சண்டை போடாமல், புது வழிகாட்டுதலைக் கையில் கொடுத்து, "இப்ப இப்படி மாத்திட்டாங்க அக்கா" என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்.

பயத்தின் அடியில் இருப்பது ஊசி. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 1000-க்கு 3. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைடிஸ்-பி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் அந்த மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும் வாய்ப்பு அதைப்போலப் பல மடங்கு. ஆனால் ஹெபடைடிஸ் பேஷண்டைக் கண்டு யாரும் ஓடுவதில்லை! குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அழுத்திப் பிதுக்காமல், உடனே போய் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து உங்கள் நிலையத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது, ராத்திரி டியூட்டியில் சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா? தெரியாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று தெரிந்த ஆயாம்மாதான் அந்தக் கட்டிலுக்கு மறுக்காமல் பெட்ஷீட் மாற்றுவார். பாதுகாப்பான வேலைச் சூழலும் தடுப்பு மருந்தும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

அதன் பிறகு வேலை முறை. ரத்தமோ திரவமோ படும் எந்த வேலைக்கும் எல்லாப் பேஷண்டுக்கும் கிளவுஸ். படாத வேலைக்கு யாருக்கும் வேண்டாம். வயிறு தொட்டுப் பார்ப்பதற்கும், நாடி பிடிப்பதற்கும், தோளில் கை வைப்பதற்கும் வெறும் கைதான். இந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால், பாதி ஒதுக்கல் தானாகக் காணாமல் போகும். இன்று வந்த 20 பேரில் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று நமக்கு எப்படியும் முழுசாகத் தெரியாது, சமீபத்தில் தொற்றியவருக்குச் சோதனையில் தெரியாமலும் போகலாம். அதனால் இது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் சலுகையும் இல்லை, நமக்கான பாதுகாப்பு. கேஸ் ஷீட்டின் மேல்பக்கத்தில் குறியீடு, கட்டிலில் தனி போர்டு, தாய் சேய் நல அட்டையின் அட்டையில் முத்திரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சிகிச்சை கொடுப்பவருக்குத் தெரிய வேண்டிய விவரம் உள் பக்கத்தில் மற்ற ரத்த முடிவுகளோடு அதே மையில் இருந்தால் போதும். டியூட்டி மாறும்போது கட்டிலருகில் நின்று சத்தமாக ஒப்படைப்பதை நிறுத்தி, நர்ஸ் டேபிளில் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு யாராவது தொட மறுத்தால், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த மருத்துவமனையிலும் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளரும் உண்டு. நான் முதலில் பேசிப் பார்க்கும் ரகம். ஆனால் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வேனில் ஏற்றினால் பேச்சுக்கு இடமில்லை, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்வது இன்னொரு வகை. தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்வார். மூத்த பிள்ளையை மடியில் படுக்கவிடமாட்டார். சமையல் செய்யப் பயப்படுவார். இதை அவர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். "பெரியவன் உங்ககூடதான் தூங்குறானா?" என்று சாதாரணமாகக் கேட்டால் வெளிவரும். கேட்டபின் தொடுவதாலோ, சாப்பாட்டாலோ, முத்தத்தாலோ, கொசுவாலோ பரவாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவரைப் போலவே இருந்து, பிள்ளை பெற்று, வளர்த்துவரும் இன்னொரு பெண்ணோடு பேசவையுங்கள். சென்னையில் 1998-ல் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் இந்தப் பெண்களே நடத்தும் அமைப்பு. பல மாவட்டங்களிலும் பாசிட்டிவ் மக்களின் சங்கங்கள் இருக்கின்றன. நாம் பத்து நாள் பேசி ஏற்றாத தைரியத்தை, இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒரு பெண் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடுவார். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1097 இலவச எண்.

குழந்தை பிறந்தபின் வரும் சிக்கல்தான் எல்லாவற்றிலும் கடினம், அது பால் விஷயம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அல்லது உண்மையிலேயே வசதி இருந்து, தாயும் முடிவு செய்தால், மாற்றுப் பால் மட்டும். இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிடக் கலந்து குடித்த குழந்தைகளுக்குத் தொற்று அதிகம் போனது தெரியவந்தது. வேறு பொருள்கள் பிஞ்சுக் குடலின் உள்சுவரைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழி திறக்கின்றன என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். நம் வீடுகளிலோ பிறந்த அன்றே சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு நிற்பார்கள். அப்புறம் உரை மருந்து, கிரைப் வாட்டர், எங்கிருந்தோ கழுதைப்பால். "ஆறு மாசம் வேற எதுவும் கொடுக்கக் கூடாது" என்று தாயிடம் சொல்லி அனுப்பினால் வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. மாமியாரை எதிர்த்துப் பேச வேண்டிய சுமையை அவர் தலையில் வைக்காதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன் மாமியாரையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வார்டில் எல்லாத் தாய்மாருக்கும் சேர்த்து, "எந்தக் குழந்தைக்கும் ஆறு மாசம் தண்ணிகூட வேண்டாம், சளி, பேதி வரும்" என்று நீங்களே சொல்லுங்கள். இது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் அறிவுரைதானே. எச்.ஐ.வி. என்ற வார்த்தையே தேவைப்படாது.

குழந்தைக்கு நெவிரபின் சிரப், பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கி, தினம் ஒருவேளை, குறைந்தது 6 வாரம். இரண்டரைக் கிலோவுக்கு மேல் உள்ள குழந்தைக்கு 1.5 மி.லி. எடை குறைந்தால் அளவும் குறையும். சிரிஞ்சில் அந்தக் கோட்டில் ஒரு சின்ன டேப் ஒட்டிக் கொடுங்கள். வீட்டில் கேள்வி வரும்: "பொறந்த பிள்ளைக்கு எதுக்கு மருந்து?" இதற்குப் பதிலை டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். நான் மாமியாராக நடிப்பேன், அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை வாயடைத்துப் போவார். இரண்டாவது தடவை அழுவார். நாலாவது தடவை, "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க அத்தை, கிருமி வராம இருக்க ஆறு வாரம் கொடுக்கணுமாம்" என்று நிமிர்ந்து சொல்வார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். பொய்யைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த கேள்விக்கு இன்னொரு பொய் தேவைப்படும்.

6 வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்து முதல் சோதனை. தடுப்பூசி போடும் நாளும் அதுதான், அதனால் தாய்க்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் மறுபடி, 18-ஆம் மாதம் கடைசிச் சோதனை. பால் குடிக்கும்வரை முடிவு உறுதி இல்லை என்பதை முதல் "நெகட்டிவ்" வந்த அன்றே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த சோதனைக்கு வராமல் போவார்கள்.

அப்படி வராமல் போவது குழந்தையின் சோதனைக்கு மட்டும் இல்லை. பிள்ளைக்காகத்தான் மாத்திரை என்று நினைத்துப் பல தாய்மார்கள், பிள்ளை தப்பித்தது என்று தெரிந்ததும் தங்கள் மருந்தை விட்டுவிடுகிறார்கள். இதற்குக் காரணம் ஓரளவு நாமே. ஒன்பது மாதமும் "பாப்பாவுக்காகப் போடும்மா, பாப்பாவுக்காகப் போடும்மா" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிடுகிறோம். முதல் மாதத்திலிருந்தே "உங்களுக்காக" என்று சேர்த்துச் சொல்லி வாருங்கள். 18-ஆம் மாத முடிவைக் கையில் கொடுக்கும் அன்று, தாயின் அடுத்த வைரஸ் சோதனைத் தேதியையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். கருத்தடை, ஆணுறை பற்றிப் பேச்சு பாக்கியிருந்தால் அதையும் அன்றே முடித்துவிடலாம்.